காணாமல்போன ஐந்தாம் ஏடு

வயலின் போன்ற வயோல் வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் ஹெஸ்டரின் நார்விச் நகரப் பட்டறைக்குள் இசையமைப்பாளர் ஆம்ப்ரோஸ் மூச்சிரைக்க நுழைந்தார்.

"பிரபுவோட மகள் சிசிலிக்கு மூணு மணிக்கு அடக்கம். இரங்கல் பாட்டுக்கு அஞ்சு ஏடு எழுதினேன். பாடுறவருக்கு ஒண்ணு, வயோலுக்கு நாலு. பெரிய வயோலுக்கான ஏட்டை மட்டும் காணோம். பதற்றத்துல ஒரு சுரம்கூட ஞாபகம் வரலை!"

"அந்த ஏட்டை யார் யார் பார்த்தாங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"யாருமே பார்க்கலை. எப்பவும் என் மனைவி மார்ஜரிதான் படியெடுப்பா. இதை நானே எழுதினேன்."

ஹெஸ்டரின் தம்பி ஜாஸ்பர் துள்ளி எழுந்தான். "ஹம்ஃப்ரிதான் அக்கா! அவன் பாட்டை பிரபு வேணாம்னுட்டார். வயித்தெரிச்சல்ல தூக்கிட்டான்."

"வாத்தியக் குழுவுல உன் இடம் அவனுக்குப் போனதிலேருந்து, ஊர்ல எது நடந்தாலும் ஹம்ஃப்ரிதான் உனக்கு."

ஜாஸ்பருக்குக் காது சிவந்தது.

ஜாஸ்பரோடு ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போன ஹெஸ்டர், மீதி நான்கு ஏடுகளையும் நிதானமாக இரண்டு முறை படித்தாள். ஜாஸ்பர் முறைப்பதைப் பார்த்து, ஒத்திகைக்கு வந்திருந்த ஹம்ஃப்ரி சிரித்தான். "இதை நான் ஏன் திருடணும்? என் பாட்டு இதைவிட நல்லாவே இருக்கும்."

"தொலைஞ்சா தொலையட்டும்," என்றாள் மார்ஜரி. "ஏழு தடவை சிசிலி, சிசிலின்னு! ஊர் முன்னாடி அதை வேற வாசிக்கணுமா?"

ஹெஸ்டர் ஏடுகளைக் கீழே வைத்தாள்.

"பாட்டுல எந்த இடத்திலயும் பேரே இல்லையே மார்ஜரி. 'இளந்தளிரே'ன்னுதான் இருக்கு. ஆம்ப்ரோஸ், பேரை எங்க எழுதினீங்க?"

ஆம்ப்ரோஸ் தலைகுனிந்தார். "காணாமப்போன ஏட்டுல... சுரங்களுக்கு அடியில."

"அப்ப அதைப் பார்த்தவங்களுக்குத்தான் ஏழு தடவைன்னு தெரியும்."

மார்ஜரி மறுக்கவில்லை. "அடுப்புல போட்டேன். ஒன்பது வருஷமா இவர் எழுதினதையெல்லாம் படியெடுத்தேன். என் பேரு ஒரு சுரத்துக்கு அடியிலயாவது இருந்துச்சா? உயிரோட இருக்கிறவகூடன்னா சண்டை போடலாம். செத்தவகிட்ட நான் என்ன செய்ய?"

அந்த எரிச்சல் ஜாஸ்பருக்குப் பழக்கமானதுதான். ஹம்ஃப்ரியை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மார்ஜரி காகிதத்தை இழுத்து, இறகுப் பேனாவை மையில் தொட்டு எழுதத் தொடங்கினாள். எங்கேயும் நிறுத்தவில்லை. எழுதி முடித்ததை ஆம்ப்ரோஸ் விரல் வைத்துப் பார்க்க, மறந்த சுரங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

"எப்படி மார்ஜரி?"

"எரிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு நினைக்கிறீங்க?" இறகை அவர் பக்கம் தள்ளினாள். "பேரை மட்டும் விட்டுட்டேன். வேணும்னா நீங்களே எழுதிக்கோங்க."

மூன்று மணிக்குப் பெரிய வயோலை ஆம்ப்ரோஸே வாசித்தார். அவர் முன்னால் இருந்த ஏட்டில் எந்தப் பெயரும் இல்லை.