மாமாட நாலு டயர்

ஜீப்பின் அடியில் இரண்டு கால்கள்!

அசையவில்லை...

ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலின் செருப்பு கழன்று, மண்ணில் குப்புறக் கிடந்தது.

றாஸிக் குனிந்தான்.

"ஹமீட் காக்கா..."

இன்னும் குனிந்தான்.

"காக்கா... உசிரோட இரிக்கிறீங்களா?"

பதில் இல்லை!

சாய்ந்தமருதுவின் காலை வெயில் றாஸிக்கின் தலையில் அடித்தது. முதுகில் மட்டும் மாரி வெள்ளம் இறங்கியது. வாகனம் பார்க்க வந்த மனிதர் வாகனத்துக்கு அடியிலேயே மௌத்தாகிவிட்டாரா? அப்படியானால் விலையை யாரிடம் பேசுவது?

அந்த நேரத்திலும் அவன் மனதில் வந்தது இரண்டாவது கேள்விதான். றாஸிக் அப்படிப்பட்டவன்.

அப்போது...

"தம்பி, முன்னுக்குப் போற ஷாஃப்ட்டக் காணல்ல. எங்க?"

மய்யத்து கதைத்தது!

அப்துல் ஹமீட் வெளியே உருண்டு வந்தார். ஒலுவிலில் இரண்டு ஆழ்கடல் வள்ளங்களின் சொந்தக்காரர். உடம்பு மூன்றாவது வள்ளம். சாரனை உதறிக் கட்டிக்கொண்டு, கதிரையில் போய் உட்கார்ந்தார். கதிரை முனகியது.

"மௌத்தாப் பெய்த்தீங்களோ எண்டு பயந்திட்டன் காக்கா."

"இல்ல தம்பி. யோசிச்சிட்டுக் கிடந்த."

யோசனை! ஜீப் வாங்க வருகிறவன் யோசித்தால் புரோக்கருக்கு ஆகாது.

றாஸிக் சாதாரண புரோக்கர் அல்ல. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை அவன் கைபடாத வாகனம் கிடையாது. கப்பல் மட்டும்தான் பாக்கி. அதற்கும் சில்லு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டான்.

அவனால் விற்க முடியாத வாகனம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அவனுடைய சொந்த ஜீப்!

கிளச்சை மிதித்தால் அழும். பிரேக்கை மிதித்தால் யோசிக்கும். ஹோர்ன் மட்டும் யாரும் தொடாமலே அடிக்கும்.

மாமா றஸாக் ஹாஜியார், அரிசி ஆலைக்காரர், உம்றா யாத்திரைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மருமகன், நான் திரும்பி வரக்குள்ள இந்த இரும்புக் குப்பை என்ட மகள்ட வளவுக்குள்ள நிக்கப்படா."

மகளுடைய வளவு... விஷயம் அங்கேதான் இருக்கிறது!

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மனைவி றிபாவின் பெயரில். கிணறு, ஆறு தென்னை, அடைக்கோழி எல்லாமே றிபாவின் பெயரில். றாஸிக் பாலமுனையிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தவன். மாமா முகம் சுளித்தால் அதே சூட்கேஸோடு பஸ் ஏற வேண்டியவன்!

மாமா இன்றைக்குத் திரும்பி வருகிறார்.

ஜீப் இன்னும் வளவுக்குள் நிற்கிறது.

அதை யாரும் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் டயர். நாலும் மொட்டை. மாமாவின் தலையை விட மொட்டை. அதனால் றாஸிக் நேற்று ஒரு சின்னக் காரியம் செய்தான். பக்கத்து ஷெட்டில் நின்ற மாமாவின் வெள்ளை ஜீப்பை நாலு பக்கமும் செங்கல்லில் ஏற்றினான். அதன் புத்தம்புது டயர்களைக் கழற்றினான். தன் ஜீப்பில் பூட்டினான். மாமாவின் ஜீப்புக்கு நிலம் தொடப் படங்கு போட்டு மூடினான்.

களவு அல்ல... இரவல்! ஹமீட் காக்கா விலை பேசி முற்பணம் வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று போனதும், மாமா வருமுன் திரும்பப் பூட்டிவிடலாம்.

கல்யாணப் பெண்ணுக்கு இரவல் நகை போடவில்லையா? ஜீப்புக்கு இரவல் டயர்!

"ஷாஃப்ட் சேர்விஸுக்குக் குடுத்திரிக்கன் காக்கா" என்றான் றாஸிக்.

"அப்ப உள்ளுக்க நாலு சில்லுக்கும் மாத்திற லீவர் ஒண்டு நிக்கிதே. அது எதுக்கு?"

"அது... கை வெக்கிறதுக்கு."

"முன் ஷாஃப்ட் இல்லாட்டி இது நாலு சில்லும் இழுக்கிற ஜீப் இல்லியே தம்பி."

"ரெண்டு இழுக்கும் காக்கா. மத்த ரெண்டும் கூட வரும்."

ஹமீட் தலையாட்டினார். நல்ல பதிலுக்குத் தலையாட்டுவது போலவே.

"பின் டிப்ரன்ஷல்ட நட்டையும் கழட்டிப் பாத்தன். ஒயிலோட மரத்தூள் வருது."

"சத்தம் வராம இரிக்க..."

"ஓம். பல்லுச் சக்கரம் தேஞ்ச சத்தம் வெளிய வராம இரிக்கத்தான் எல்லாரும் போடுவாங்க."

றாஸிக்கிடம் கடைசி ஆயுதம் ஒன்றுதான் மிச்சம்.

"டயரப் பாருங்க காக்கா. அதப் பத்தி ஒரு வார்த்தை செல்லுங்க."

"டயர் நல்லம்." ஹமீட்டின் முகம் மலர்ந்தது. "காசைச் செருகிப் பாத்தன், பாதிக் காசு உள்ளுக்குப் போகுது. பக்கத்தில அடிச்ச நம்பரும் பாத்தன். நாலும் ஒரே வயசு, ஒரே சைஸ். நாலு சில்லும் இழுக்கிற ஜீப்புக்கு அதுதான் முக்கியம். ஒண்டு தேஞ்சு ஒண்டு புதிசா இருந்தா, உள்ளுக்க பல்லுச் சக்கரமெல்லாம் குடும்பச் சண்டை பிடிக்கும்."

"அதுக்குத்தான் நாலையும் ஒண்டா வாங்கின நான்."

"நீங்களா வாங்கின?"

"வேற ஆரு? என்ட உழைப்பு காக்கா."

"எங்க வாங்கின?"

"கொழும்பில. பெட்டியோட வந்த."

"டயர் பெட்டியில வாறல்லியே."

"கடதாசி சுத்தி வந்த. பெட்டி மாதிரி."

"ஆரும் தந்ததில்ல? இரவல் இல்ல?"

றாஸிக்கின் நெஞ்சு ஒரு தரம் கியர் மாறியது. சிரித்தான்.

"என்ன காக்கா கதைக்கிறீங்க. இந்த நாலு டயருக்கும் என்னத் தவிர உலகத்தில வேற சொந்தக்காரன் இல்ல."

றிபா தேத்தண்ணீரோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"வாப்பாட வேன் அம்பாறை தாண்டிட்டாம். கதைச்சி முடிஞ்சா கதிரைகள எடுத்து முன்னுக்குப் போடுங்க."

அம்பாறை தாண்டிவிட்டது! இனிக் காரைதீவு. காரைதீவுக்குப் பிறகு சாய்ந்தமருது. இடையில் ஒளிய ஓர் ஊர் கூட இல்லை...

"அப்ப காக்கா, முற்பணத்த வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வந்து..."

ஹமீட் ஆறுதலாக ஒரு மிடறு குடித்தார்.

"ஏன் அடியில அசையாமக் கிடந்தன் தெரியுமா தம்பி? டயர்ட உள்பக்கத்தில, நிண்டு பாக்கிற ஆக்களுக்குத் தெரியாத இடத்தில, சூட்டுக் கம்பியால ஒரு மீன் கீறி இரிக்கி. நாலுலயும்."

"கம்பனி மார்க்கா இரிக்கும்."

"கம்பனி கீறல்ல. நான் கீறின."

தேத்தண்ணீர்க் கோப்பையில் ஓர் ஈ விழுந்தது. அந்தச் சத்தம் கூட றாஸிக்கின் காதில் விழுந்தது!

"போன மாரிக்கு முந்தி ஜீப்பத் துறைமுகத்தில விட்டிட்டுக் கடலுக்குப் போனன். வந்து பாத்தா ஜீப் கல்லுல நிக்கிது. அண்டைலயிருந்து ஆர் ஜீப் விக்கிறெண்டாலும் நான் போய் அடியில படுப்பன். இது பதினோராவது ஜீப்."

அவர் பொக்கற்றிலிருந்து போனை எடுத்தார்.

"பொலிஸுக்கு நான் எடுக்கவா, நீங்க எடுக்கிறீங்களா? உலகத்தில வேற சொந்தக்காரன் இல்லையெண்டு நீங்கதானே செல்லின."

றாஸிக்கின் முன்னால் இரண்டு வாசல்கள் திறந்தன. ஒன்றில் மறியல், கம்பிக்குப் பின்னால். ஊரான் டயர் திருடியவன்! மற்றதில் பாலமுனை பஸ். மாமாவின் டயர் திருடியவன்!

மறியலில் சோறு கிடைக்கும். பாலமுனையில் மூன்று தங்கச்சிமாரின் சிரிப்புத்தான் கிடைக்கும். கொஞ்ச நேரம் அவன் மறியலைத்தான் யோசித்தான்.

பிறகு எழும்பிப்போய் ஷெட்டில் படங்கை இழுத்தான்.

வெள்ளை ஜீப் செங்கல்லில் நின்றது. சாரன் இல்லாமல் பிடிபட்ட பெரிய மனிதரைப் போல...

"டயர் என்ட மாமாட. நான் கழட்டிப் பூட்டின. மாமா எங்க வாங்கினாரெண்டு எனக்குத் தெரியா. இதுதான் உண்மை."

ஹமீட் போனைக் கீழே வைத்தார்.

வாசலில் றிபா! கையில் அகப்பை. வாப்பாவின் ஜீப்பைப் பார்த்தாள். புருசனின் ஜீப்பைப் பார்த்தாள். டயர்களை எண்ணிக்கொண்டாள்.

"சூட்கேஸ் அலுமாரிக்கு மேல இரிக்கி" என்றாள். "தூசி தட்டித்தான் எடுக்கணும்."

"றிபா, நான் ஏன் செஞ்சனெண்டா..."

"வேன் காரைதீவுச் சந்தியாம். வாப்பாட்டச் செல்லுங்க."

வேன் வந்தது!

தெருவே கூடியது. ஸலாம் சொல்வதற்கு ஒரு வரிசை, ஸம்ஸம் தண்ணீருக்கு அதைவிட நீள வரிசை. றஸாக் ஹாஜியார் வெள்ளை உடுப்பில், மொட்டைத் தலையில் வெயில் மின்ன இறங்கினார். சிரித்துக்கொண்டே வளவுக்குள் வந்தார்.

ஷெட்டைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

றாஸிக் முன்னால் போனான். கால்கள் இரண்டும் இரண்டு திசையில் இழுத்தன. அவனுக்கும் முன் ஷாஃப்ட் இல்லை!

"மாமா... டயர நான்தான் கழட்டின. இவர் ஒலுவில் ஹமீட் காக்கா. டயர் அவர்டயாம். களவு போனதாம்."

ஹாஜியார் ஹமீட்டைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கினார்...

றாஸிக் கண்ணை மூடினான். அறைதான்!

கைகள் வந்து அவன் தோளைச் சுற்றி இறுகின.

மாமா அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்!

"மருமகன்... நீங்க மனிசனா, வானத்திலயிருந்து வந்த மலக்கா?"

றாஸிக் ஒரு கண்ணைத் திறந்தான்.

ஹாஜியார் அவன் காதுக்குள் இரகசியம் சொன்னார். மிக மெல்லிய குரல். அடுத்த மூன்று வீடுகளுக்கு மட்டும்தான் கேட்டது.

"றோட்டில வந்த ஒருத்தன் பாதி விலைக்குத் தந்தான். ஏன் பாதி விலை எண்டு கேட்டா, முழு விலை செல்லிப் போடுவானோ எண்டு நான் கேக்கல்ல. அண்டைலயிருந்து நித்திரை இல்ல. கஃபாவச் சுத்தக்குள்ளயும் கண்ணுக்க டயர்தான் சுத்திச்சி. யா அல்லாஹ், நான் வீடு போய்ச் சேரக்குள்ள இந்த நாலும் என்ட ஜீப்ப விட்டுக் கழண்டிரணும், சொந்தக்காரன்ட கையில போய்ச் சேரணும் எண்டு அழுது துஆக் கேட்டன். கேட்ட மாதிரியே கழட்டி, ஆளையும் கூப்பிட்டு வெச்சிரிக்கீங்களே மருமகன்."

ஒரு நல்ல மனிதன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான்.

"ஓம் மாமா" என்றான் றாஸிக். "என்னவோ ஒரு எண்ணம் வந்திச்சி. கழட்டினன்."

ஹமீட்டுக்குப் பலமாக இருமல் வந்தது. தேத்தண்ணீரில் விழுந்த ஈயாக இருக்கலாம்.

"காக்கா, பொறுத்துக்கங்க" என்றார் ஹாஜியார், ஹமீட்டின் கையைப் பிடித்து. "எனக்கு மறுமையில வழக்கு வெச்சிராதீங்க."

"டயர் கிடைச்சிட்டு. வழக்கு என்னத்துக்கு" என்றார் ஹமீட். "உங்கட மருமகனையே கழட்டித் தரச் செல்லுங்க. கை பழகின ஆள்."

றாஸிக் கழற்றினான். வேர்க்க வேர்க்க, நாலையும்! கூடி நின்றவர்கள் ஈச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். டயர்கள் ஹமீட்டின் மீன் லொறியில் ஏறின. ஹமீட் கையசைத்துவிட்டு ஒலுவிலுக்குப் போனார்.

வளவுக்குள் இரண்டு ஜீப்புகளும் கல்லில் நின்றன.

"மகள், இனி இந்த வீட்டில மருமகன் வெச்சதுதான் சட்டம்" என்றார் ஹாஜியார். "என்ட துஆ நடந்தது அவர்ட கையால."

றிபா புருசனைப் பார்த்தாள். டயர் இல்லாத அவனுடைய ஜீப்பைப் பார்த்தாள். வாப்பாவின் கோப்பையில் ஸம்ஸம் தண்ணீரை ஊற்றினாள்.

"வாப்பா, அடுத்த தரம் போனா இந்த ஜீப் விலைப்படவும் ஒரு துஆக் கேளுங்க. அது மனிசர்ட கையால நடக்கிற காரியமில்ல."