ஆள் பத்தாத கதவு

மின்தூக்கி நகர இன்னும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

வியாகுலம் டீச்சர் படப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கீரைக்காரர், தபால்காரி, கைக்குழந்தையோடு ஒரு பெண். கைக்குழந்தையை மின்தூக்கி எண்ணாது.

“பிள்ளை வளரட்டும், அதுவரைக்கும் நிப்போம்,” என்றார் கீரைக்காரர். “உங்க மூணாம் வகுப்பு பண்ணுன வேலைதான டீச்சர் இது?”

“ஆமா அண்ணாச்சி. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு ஏழு மாடி ஏறணும்னு ஆசை,” என்று சொல்லிவிட்டு டீச்சர் படியேறினாள்.

கடல் ஏறிவந்த பிறகு தூத்துக்குடிக்காரர்கள் கட்டிக்கொண்ட மேட்டுநகரை ஊர்மதி என்ற எந்திர அறிவுதான் நடத்துகிறது. தண்ணீர், விளக்கு, மின்தூக்கி, கடல்நீரைத் தடுக்கும் ஓதக்கதவு, எல்லாம் அதன் கையில். ஆனால் எது நியாயம் என்று அதற்குத் தானாகத் தெரியாது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு மட்டும் ஒரு சந்து வைத்து விதி எழுதினார்கள். வெறுத்துப்போன ஊர் கடைசியில் அந்த வேலையை மூன்றாம் வகுப்பிடம் கொடுத்தது. மாதம் ஒரு படப்புத்தகம். அதன் மையக்கருத்தைப் பிள்ளைகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அதுதான் அடுத்த ஒரு மாதத்துக்கு விதி. டீச்சர் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லக் கூடாது.

போன மாதப் புத்தகம் விசிலடிக்கப் பழகும் பூனையைப் பற்றியது. பிள்ளைகள் சொன்ன மையக்கருத்து: ஒற்றுமையே பலம். அன்றிலிருந்து ஐந்து பேர் சேராமல் எதுவும் நகர்வதில்லை. அதற்கு முந்தின மாதம் ‘பெரியவர் சொல் கேட்க வேண்டும்’. அப்போது அறுபது வயதுக்காரர் அதட்டினால்தான் குழாயில் தண்ணீர் வந்தது.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். கூரையில் ஊர்மதியின் கேட்பான் பச்சையாக மினுங்கியது. டீச்சர் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். உப்பளத்தில் ஒரு நாரை. படகு வலிக்கும் வாத்துகள் ‘எங்களுக்கு ஆள் போதும்’ என்று போய்விடுகின்றன. ஆட்டம் போடும் கொக்குகளும் அப்படியே. கடைசிப் பக்கத்தில் ஒரு நண்டு வளையிலிருந்து கொடுக்கைத் தூக்கி, வா என்கிறது.

“நாரையைப் பத்தின கதைன்னா அது விஷயம். நாரைக்கு என்ன நடந்துச்சுன்னா அது கதை. புத்தகத்தை மூடுன பிறகும் மனசுல நிக்குதே, அதுதான் மையக்கருத்து. எத்தனை தடவை சொல்லுதேன்?”

“நாப்பது தடவை டீச்சர்.”

“சரி, சொல்லுங்க.”

“ஒற்றுமையே பலம்.”

டீச்சர் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். “நாரை தனியால்லா நிக்குது மக்கா?”

“அதான் டீச்சர் அதுக்குப் பலம் இல்ல.”

“நண்டு கூப்பிடுதே, அது?”

“அடுத்த பக்கத்துல நாரை அதைத் தின்னுரும் டீச்சர்.”

“அடுத்த பக்கமே கிடையாதுல.”

எஸ்கலின் எழுந்தாள். “கதவு திறக்கணும். அதுதான் மையக்கருத்து.”

“புத்தகத்துல கதவு எங்கட்டி இருக்கு?”

“இல்ல. ஆனா திறக்கணும்.”

‘புத்தகத்தில் ஆதாரம் இல்லை’ என்றது கேட்பான்.

எஸ்கலினின் அம்மா லூர்தம்மாள் ஓதக்கதவுக்கு வெளியே நண்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். மற்றவர்கள் போன பிறகு கூண்டுகளைப் பூட்டிவிட்டு, பொழுது சாய ஒற்றை ஆளாகத் திரும்புவாள். வெளியே ஐந்து பேர் நின்றால்தான் கதவு திறக்கும்; உள்ளே நிற்பவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். டீச்சரே ஒருநாள் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். லூர்தம்மாள் கொட்டகையிலேயே படுத்து, காலையில் ஆள் சேர்ந்து வீட்டுக்கு வரும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மகள் திரும்பும்போது தாய் வேலைக்குப் போயிருப்பாள். இரண்டு பேரும் முகம் பார்த்து ஒரு மாதம்.

எஸ்கலின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். “அப்ப இது. தனியா நின்னாலும் அதுவும் ஒரு ஆளுதான்.”

படியேறிக் கால் வலித்த பிள்ளைகள் உடனே கை தூக்கினார்கள். பதினோரு கை. பேச்சி மட்டும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“உனக்கு என்னட்டி?”

“நான் தூக்க மாட்டேன் டீச்சர். எங்க அண்ணன்மாரு நாலு பேரு. முன்னாடி என்னை எங்கயும் கூட்டிட்டுப் போவ மாட்டாவ. இப்ப மின்தூக்கிக்கு அஞ்சு பேரு வேணும்லா. பேச்சி வா, பேச்சி வான்னு கூப்பிடுதாவ. தனியா நின்னாலும் ஆளுதான்னா, என்னை எதுக்குக் கூப்பிடுவாவ?”

“அதுக்கு எங்கம்மா வெளிய கிடக்கணுமா?” என்றாள் எஸ்கலின்.

டீச்சரின் நாக்கு நுனிவரை வந்த வாக்கியத்தைக் கேட்பான் மோப்பம் பிடித்துச் சிவந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். “நான் ஒண்ணும் சொல்லலப்பா. கேக்கத்தான் போறேன். பேச்சி, வாத்துக்கு ஆள் போதும். கொக்குக்கும் போதும். நண்டு எதுக்குக் கூப்பிடுது?”

பேச்சி கடைசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். “எதுக்கும் இல்ல. நாரையால நண்டுக்கு என்ன ஆவப்போவுது? சும்மா கூப்பிடுது.”

“சும்மா யாராவது கூப்பிடுவாவளா?” என்றாள் எஸ்கலின்.

“நீ கூப்பிட்டா நான் வருவேன்.”

எஸ்கலின் அவளை முறைத்தாள். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். “வா, வந்து தொலை.” இரண்டு தலைகளும் சேர்ந்து குனிந்து எழுதின: ஆள் தேவை இல்லாவிட்டாலும் கூப்பிட வேண்டும். பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. ‘ஆதாரம் உண்டு. இன்று மாலை ஆறு மணி முதல்’ என்றது கேட்பான்.

“இதுல கதவு எங்க டீச்சர் இருக்கு?” என்று எஸ்கலின் அப்புறம்தான் பயந்தாள்.

“ஊர்மதி என்னத்தைப் புரிஞ்சுக்குமோ, எனக்கென்ன தெரியும்,” என்றாள் டீச்சர். பூனையின் விசிலில் ஒற்றுமையைக் கேட்ட எந்திரம் அது.

ஆறு மணிக்கு டீச்சர், எஸ்கலின், பேச்சி மூன்று பேரும் ஓதக்கதவின் உட்புறம் நின்றார்கள். கம்பிச் சன்னல் வழியே, சேற்றுப்பாதையில் லூர்தம்மாள் வருவது தெரிந்தது. கதவைப் பார்க்காமலே கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

“லூர்தம்மா, வாரீயளா?” என்றது கதவு.

அவள் நின்றாள். “மத்த நாலு பேரு எங்கன்னு கேப்பியே?”

“கேக்கல. வாங்க.”

கதவு திறந்தது. எஸ்கலின் ஓடிய வேகத்தில் தாய் சேற்றுக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடவில்லை. வெற்று உப்பளத்தைப் பார்த்து ‘வாரீயளா, வாரீயளா’ என்று கத்திக்கொண்டே இருந்தது. ஊருக்குள் எல்லா மின்தூக்கிகளும் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“இன்னும் ஒரு மாசத்துக்கு இந்த இரைச்சல்,” என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள்.

தாயையும் மகளையும் பார்த்தபடி பேச்சி சுவரோரம் நின்றிருந்தாள்.

“பேச்சி, வாரியா?” என்றது கதவு.

“நான் உள்ளதான நிக்கேன்.”

“தெரியும். சும்மா கூப்பிட்டேன்.”