இடப்பக்கம் திரும்பவும்

கூவத்தூர் தாண்டியதும், திரையில் அவர்களுடைய வண்டி தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஜெபா அதை ஓரக்கண்ணால் கவனித்தாள். முன்கண்ணாடியில் ஒட்டவைத்திருந்த அந்தச் சின்ன ஜி.பி.எஸ். கருவியில் கிழக்குக் கடற்கரைச் சாலை மஞ்சள் கோடாக ஒரு பக்கம் கிடக்க, வண்டியைக் காட்டும் அம்புக்குறி அதை விட்டு விலகி நீலத்தின்மேல் ஊர்ந்தது. வெளியே இருந்ததென்னவோ தார்ச்சாலைதான். மழை விட்டுப்போன கார்த்திகைச் சாயங்காலம்; ஈரத் தாரில் டயர் எழுப்பும் இரைச்சல், சன்னல் இடுக்கில் நுழையும் உப்புக் காற்று, பக்கத்து இருக்கையில் அம்மா வெற்றிலை மெல்லும் சத்தம் எல்லாம் இருக்கவேண்டியபடியே இருந்தன. புது மெஷின், சாட்டிலைட் சரியாகக் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம்தான் வாங்கினாள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். பெரிய திரை வைத்தது இங்கிலீஷ் மட்டும் பேசும். சின்னது தமிழ் பேசும். "மேப்பு மட்டும் கொஞ்சம் பழசு மேடம்" என்றார். அம்மாவுக்கும் புரியட்டும் என்று சின்னதையே எடுத்தாள். கருவி வேண்டும் என்று தோன்றியதற்கே ஒரு காரணம் இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் மதுராந்தகத்துக்கு உள்ளே தள்ளி ஒரு டீக்கடையில் வழி கேட்டாள். பெஞ்சில் இருந்தவர் எழுந்து வந்து, குனிந்து காருக்குள் பார்த்து, "ஊருக்குப் போவணுமா, காலனிக்கா?" என்றார். அவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அதற்கப்புறம் யாரிடமும் அவள் வழி கேட்டதில்லை. கருவி அதெல்லாம் விசாரிக்காது.

அம்மாவுக்கும் அதை ரொம்பப் பிடித்துவிட்டது. அச்சரப்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே மகளைப் படிக்கவைத்தவள் பாப்பா. 'செல்லவும்', 'திரும்பவும்' என்று இவ்வளவு மரியாதையாக யாரும் அவளிடம் பேசியதில்லை. ஒவ்வொரு தடவையும் "சரி கண்ணு" என்று அதற்குப் பதில் சொல்வாள்.

"இடப்பக்கம் திரும்பவும்" என்றது கருவி.

ஜெபா வேகத்தைக் குறைத்தாள். சவுக்குத் தோப்புக்குள் ஒரு குறுகலான சாலை போனது.

"மாமா வூடு கடப்பாக்கத்துல மெயின் ரோட்டு மேலயேன்னு சொன்னாரேம்மா."

"குறுக்கு வழியா இருக்கும். அதுதான் சொல்லுது இல்ல, திரும்புடி. பாஸ்டரு வந்துகினு இருப்பாரு."

பாப்பாவின் தம்பி ஏசுதாஸ் கட்டிய புது வீட்டுக்கு அன்று பிரதிஷ்டை. ஜெபமும் சாப்பாடும் வைத்திருந்தார்கள். ஜெபா திரும்பினாள்.

சவுக்கு மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நின்றன. காற்று இல்லாதபோதும் அவற்றின் உச்சியில் யாரோ மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து விடுவதுபோல ஒரு சீரான ஓசை வந்துகொண்டே இருந்தது, உதிர்ந்த ஊசியிலைகள் சக்கரத்துக்கடியில் மெத்தென்று அமுங்கின, வெளிச்சம் பச்சையாகி, பழுப்பாகி, கடைசியில் எந்த நிறமும் இல்லாமல் போனது. எதிரே ஒரு சைக்கிள்கூட வரவில்லை. "நேராகச் செல்லவும்." அம்மா தலையாட்டினாள். "நேராகச் செல்லவும்." கொஞ்ச தூரத்துக்கொரு முறை அதையே சொன்னது, வேறு திருப்பமே இல்லாத சாலையில் அதைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்று ஜெபாவுக்கு விளங்கவில்லை.

தோப்பு சட்டென்று முடிந்தது. சாலை ஒரு மண்கரைமேல் ஏறி ஓடியது. இரண்டு பக்கமும் கழி. கடல் உள்ளே வந்து தேங்கிக் கிடக்கும் அந்த உப்புத் தண்ணீர், சாயங்கால வானத்தின் கீழே ஈயத் தகடுபோல அசையாமல் பரந்திருந்தது. சேற்று வாடை அடித்தது. ஒரு கொக்கு இல்லை. ஒரு படகு இல்லை.

"மா, இது சரியில்ல. திரும்பிடலாம்."

திருப்ப இடமில்லை. வண்டியின் அகலத்தைவிடக் கரை ஓரடிதான் கூடுதல். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். இவ்வளவு நேரம் வந்த சாலைமேல் தண்ணீர் மெல்லிசாக ஏறி மின்னியது. செல்போனில் டவர் இல்லை.

அப்போதுதான் முன்னால் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. ஒரு கார். அதற்கு முன்னால் இன்னொன்று. ஒரு வேன். வரிசையாக நின்றிருந்தன. ஜெபாவுக்கு உயிர் வந்தது. ஆட்கள் இருக்கிறார்கள். முன்னால் ஏதாவது பாலம் வேலை நடக்கும், நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். கடைசி வண்டிக்குப் பின்னால் நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் இறங்கி நின்று புகைக்கவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எல்லா வண்டியிலும் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் முன்பக்கத்தில் ஒரு சின்ன நீல வெளிச்சம்.

அவள் ஹாரன் அடித்தாள். யாரும் திரும்பவில்லை.

"நான் போய்க் கேட்டுட்டு வரேம்மா."

"எதுக்குடி கேக்கணும்? சும்மா குந்து."

ஜெபா இறங்கினாள். கரை ஈரமாகப் பிசுபிசுத்தது. முன்னால் நின்ற காரின் கதவை ஒட்டி, பக்கவாட்டில் கால் வைத்து நகர்ந்தாள். ஓட்டுபவரின் கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

"அண்ணா, இது எங்க போற வழி?"

உள்ளே தண்ணீர் இருந்தது. வெளியே டயரைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. உள்ளே அந்த ஆளின் தாடைவரைக்கும் பழுப்பான தண்ணீர். சட்டைக் காலர் அதில் மெதுவாக அசைந்தது. பக்கத்தில் ஒரு பெண். அவள் கூந்தல் மேலே மிதந்து பரவியிருந்தது. இரண்டு பேரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிக்னலில் நிற்பவர்களைப்போல. அந்த ஆள் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபமில்லை, வலியில்லை. வரிசையை விட்டு ஏன் இறங்கினாய் என்பதுபோல ஒரு பார்வை. வாயைத் திறந்தார். குமிழி ஒன்று கண்ணாடியில் ஏறி உடைந்தது.

ஜெபா துள்ளிப் பின்வாங்கினாள். வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்கும்மா. ஓடிடலாம். இறங்கு!"

அம்மாவின் சீட் பெல்ட் கழலவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி நகம் பிளந்தது. அம்மாவின் சேலை ஓரம் நனைந்திருந்தது. காலடி மிதியடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. சில்லென்று. சத்தமில்லாமல்.

"இன்னாத்துக்குடி பதறிகினு கீற?" பாப்பா அவள் கையை எடுத்து ஒதுக்கினாள். "வரிசைன்னா நேரமாவும். எல்லாரும் நிக்கல? அவங்கோ இன்னா பைத்தியமா?"

"மா, அவங்க உயிரோட இல்லம்மா!"

பாப்பா அவளைப் பார்க்கவே இல்லை. திரையைப் பார்த்தாள்.

பின்னால் வெளிச்சம் வந்தது. ஒரு டாடா சுமோ கரைமேல் ஏறி வந்து, ஜெபாவின் காருக்குப் பின்னால் ஒட்டி நின்றது. உள்ளே ஒரு குடும்பம். குழந்தைகள் பின்சீட்டில் எகிறிக்கொண்டிருந்தார்கள். ஜெபா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். போ. பின்னால் போ. வராதே. முன்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தாள். அந்த வண்டிக்குள்ளிருந்தும் அதே குரல் வந்தது. நேராகச் செல்லவும்.

சுமோவுக்கு அப்பால் கரையே இல்லை. தண்ணீர்தான்.

நீந்தத் தெரியாது. தெரிந்தாலும்? அம்மாவை இப்படியே விட்டுவிட்டா? ஜெபா நின்றாள். அழுகை வந்தது. சுற்றி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து இழுத்தால் பெல்ட் வரலாம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்தாள். துணி அறுபடவில்லை.

அவள் பக்கத்துக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. தோளால் இடித்தாள். கண்ணாடியில் குத்தினாள். வெளியே வறண்ட கதவு. உள்ளே கணுக்கால்வரை தண்ணீர்.

அப்போது வரிசை நகர்ந்தது.

தூரத்தில், கரை முடியும் இடத்தில், முதல் வண்டி அலுங்காமல் கழிக்குள் இறங்கியது. அலை எழும்பவில்லை. அதன் பின்விளக்குகள் அணையவில்லை. அதற்கும் கீழே இன்னொரு ஜோடிச் சிவப்பு. அதற்கும் கீழே இன்னொன்று. ஆழத்தில், கண்ணுக்கு எட்டியமட்டும், வரிசை போய்க்கொண்டே இருந்தது.

முன்னால் நின்ற கார் ஒரு வண்டி நீளம் முன்னேறியது. பின்னால் சுமோக்காரர் ஹாரன் அடித்தார்.

"முன்ன எடம் வுட்டுட்டாங்க பாரு," என்றாள் பாப்பா. தண்ணீர் அவள் மடிக்கு வந்திருந்தது. குனிந்து, ஜெபாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, கைபிரேக்கை இறக்கிவிட்டாள்.