புகைபோக்கிக்குப் பின்னால் வானம்

எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்த சந்திராவின் கையில் டாக்டர் சீட்டு இல்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் நேராக ஜெயபுஷ்பத்தின் மேசைக்குப் போனாள். மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தாள்.

"வார்டு ஆயா தாயாரம்மா அனுப்பிச்சாங்க. எது காணாமப் போனாலும் நீங்க கண்டுபுடிச்சிடுவீங்களாம். என் வூட்டுக்காரருக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா."

வேலூரில் அந்த ஆஸ்பத்திரியில் ஜெயபுஷ்பம் பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறார். அதிர்ந்து பேசமாட்டார். பிலிமில் தெரிவதை மட்டும் சொல்வார். இருட்டறையில் பிலிம் கழுவும் ராஜகோபாலுக்கு அக்காவின் துப்பு வேலை என்றால் சோறு வேண்டாம். அன்றும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். மேசை மேல் இருந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

சந்திரா சொன்னது இதுதான். அவள் புருஷன் ஜம்புலிங்கத்துக்கு ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. போன வெள்ளிக்கிழமை அங்கே புதுக் கொட்டகை திறப்பு. மாலையில் பூஜை, ராத்திரி விருந்து. மறுநாள் பார்த்தால் குடோனில் பதப்படுத்திய தோல் ஒரு கட்டு இல்லை. ஜம்புலிங்கம் ராத்திரி எட்டு மணிக்குத் தோள்மேல் கட்டோடு வெளியே போனதைக் கண்ணால் பார்த்ததாகக் குடோன் கிளார்க் பக்தவச்சலம் சொல்கிறார். அதற்குச் சாட்சி இந்தப் போட்டோ; ஆபீசில் கெஞ்சி ஒரு பிரதி வாங்கி வந்திருக்கிறாள். பகலில் கட்டு சுமப்பதும் ஜம்புலிங்கத்தின் வேலைதான்; ஆனால் அன்று அவன் ஐந்து மணி பஸ் பிடித்து ஒடுகத்தூரில் வீட்டுக்கு வந்துவிட்டவன். வியாழக்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போகும், அப்புறம் போலீஸ்.

படத்தில் வானம் கன்னங்கரேல் என்றிருந்தது. குடோன் வாசலில் தோள்மேல் கட்டுடன் ஜம்புலிங்கம். முகம் மட்டும் பளிச்சென்று, வேர்வை முத்துகூடத் தெரிந்தது. தலைக்கு மேலே கதவோரம் ஒரு பல்பு.

"ராத்திரி எடுத்ததுன்னு போட்டோக்காரரே எழுதிக் குடுத்துட்டாராம்மா. அதுக்கு மேல நாங்க இன்னா பேசறது?"

ஜெயபுஷ்பம் படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அங்கே ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. சந்திராவுக்குப் படிக்கத் தெரியாது. ஜெயபுஷ்பம் அதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி திருப்பி வைத்தார்.

"இதோட நெகட்டிவ் வேணும். கெடைக்குமா ராஜகோபால்?"

"கேட்டுப் பாக்கறேங்க்கா" என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

யாரைக் கேட்பது? லீவு நாளில் காமிராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிற போட்டோக்காரன் அவன்தான். கொட்டகை திறப்புக்குப் போய் அந்தப் படத்தை எடுத்தவனும் அவன்தான். சனிக்கிழமை தோல் ஷாப்பு மேனேஜர் கவுஸ் பாஷா கூப்பிட்டு, பத்துப் பேர் நடுவில், இது ராத்திரி எடுத்ததுதானே என்று கேட்டார். இல்லை, சாயங்காலம் நாலு மணி, நான்தான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி கொடுத்து உட்காரவைக்கப்பட்டிருந்தான். அவன் அப்பா ராணிப்பேட்டையில் முப்பது வருஷம் தோலில் சவ்வு சுரண்டியவர். எந்த ஆபீசிலும் அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. ஆமாங்க என்றான். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டான். யாரோ ஒரு தொழிலாளி மாட்டியிருக்கிறான் என்று தெரியும். யார் என்று கேட்கவில்லை.

வீட்டில் அந்த நெகட்டிவை அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். காலையில் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஜெயபுஷ்பம் அதை ஒட்டவைத்து, லென்ஸ் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"பகல்லயே ஃபிளாஷ் அடிப்பாங்களா?"

"அடிப்பாங்கக்கா. வெளிச்சம் பின்னால இருந்தா மூஞ்சி கறுத்துடும். அதுக்கு."

"அடிச்சா, பகல் ராத்திரி மாதிரி ஆவுமா?"

"எடுத்தவனுக்குக் கணக்குத் தெரியலன்னா ஆவும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீயும் வியாழக்கிழமை வா" என்றார்.

விசாரணை ஆபீஸ் அறையில் நடந்தது. தோல் ஊறும் குரோம் தண்ணீரின் நாற்றம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. கவுஸ் பாஷா கறாரான மனிதர், ஆனால் காது கொடுப்பவர். ஆஸ்பத்திரி அம்மா பேசப் பத்து நிமிஷம் தந்தார். சுவரோரம் ஜம்புலிங்கம் கைகட்டி நின்றான். ராஜகோபால் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஜெயபுஷ்பம் முதலில் கிளார்க்கைக் கேட்டார்.

"ராத்திரி எட்டு மணி இருட்டுல இவர்தான்னு எப்பிடிங்க தெரிஞ்சது?"

"கதவுக்கு மேல பல்பு இருக்குதில்ல. அந்த வெளிச்சத்துலதான் பாத்தேன்" என்றார் பக்தவச்சலம். "தோ, போட்டோல எப்பிடி நிக்கறானோ அதே மாதிரி. அந்த நிமிஷம்தான் ஃபிளாஷும் அடிச்சது."

"பல்பு எரிஞ்சுதா?"

"ஆறு மணிக்கே போட்டாச்சு. நான்தான் போட்டேன்."

ஜெயபுஷ்பம் நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து மேனேஜரைக் கூப்பிட்டார். லென்ஸையும் கொடுத்தார்.

"நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ், பாய். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பா இருக்கும். எரியற பல்பு மை பொட்டு வெச்ச மாதிரி விழணும். இங்க பல்பு இருக்குது, பொட்டு இல்ல. அது எரியல."

அவர் விரல் மேலே நகர்ந்தது.

"இது வானம். ராத்திரியா இருந்தா கண்ணாடி மாதிரி வெறுமையா இருக்கும். இங்க சாம்பல் பூத்திருக்குது. அதுக்கு நடுவுல நீட்டா ஒரு வெள்ளைக் கோடு நிக்குது பாருங்க. அது உங்க புகைபோக்கி. பின்னால வெளிச்சம் இருக்கப்போயிதான் அது தனியாத் தெரியுது. பிரிண்ட்ல மறைஞ்சது நெகட்டிவ்ல மறையல."

கவுஸ் பாஷா வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்தவச்சலத்தைப் பார்த்தார். கிளார்க் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"இவர் ஆளைப் பாக்கல. போட்டோவைப் பாத்துட்டுக் கதை சொல்லியிருக்காரு" என்றார் ஜெயபுஷ்பம். "பகல்ல எடுத்த படம் ஏன் இப்பிடி இருண்டுதுன்னு, எடுத்தவர்தான் சொல்லணும்."

அவர் யாரையும் பார்க்கவில்லை. லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார். தன் பெயர் போட்ட அந்த ஸ்டாம்பைப் படித்த நிமிஷத்திலிருந்தே அவருக்குத் தெரியும் என்பது ராஜகோபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு நாள் அவனுக்கு டைம் கொடுத்திருக்கிறார்.

எழுந்தான்.

"நான் எடுத்ததுதாங்க. ராத்திரி இல்ல, நாலு மணி. மழை இருட்டு. போன தடவை மூஞ்சியெல்லாம் கறுப்பா வந்துதுன்னு நீங்க திருப்பி அனுப்பினீங்க. அதான் ஃபிளாஷ் வாங்கினேன். அதுக்குப் பின்னால ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், பத்தடிக்கு இவ்ளோன்னு. கல்யாண மண்டபத்துக்குள்ள அது சரி. வெளியில முதல்ல வானத்தைப் பாத்து ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சர் தொறப்பும் வெக்கணும். ஃபிளாஷ் அதுக்கு ஒத்தாசைதான். மேல ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக் கம்மி பண்ணணும். நான் அட்டவணையை மட்டும் பாத்தேன். ஆள் நடக்கறாரேன்னு ஷட்டரையும் ஐந்நூறுல, ரொம்ப வேகமா வெச்சேன். ஃபிளாஷ் கண் சிமிட்டற நேரத்துல முடிஞ்சிடும். மூஞ்சிக்கு அது போதும். வானத்துக்குப் பத்தல. மூஞ்சி ஜாஸ்தி வெளுத்துதுன்னு பிரிண்ட்டை வேற அழுத்தி, கறுப்பாப் போட்டேன். மிச்சமிருந்த வானமும் போய்ட்டது."

"அப்ப ராத்திரின்னு ஏன் கையெழுத்துப் போட்டே?" கவுஸ் பாஷாவின் குரல் உயரவில்லை.

"தொழில் தெரியாதவன்னு நெனைப்பீங்கன்னு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. மேனேஜர் அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். பக்தவச்சலத்திடம் குடோன் சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார். ராஜகோபாலைப் பார்த்து, இனி இந்தப் பக்கம் காமிராவோடு வரவேண்டாம் என்றார்.

வெளியே, சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி கேட்டருகே சந்திரா காத்திருந்தாள். ஜம்புலிங்கம் அவளிடம் போகவில்லை. திரும்பி ராஜகோபாலிடம் வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து ராஜகோபால் அசையாமல் நின்றான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

ஜம்புலிங்கம் சட்டைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தான். மேனேஜரே கொடுத்துவிட்டாராம்.

"கல்யாணத்துல கூட நமக்கு போட்டோ எடுக்கல, சார்" என்றான். "மூஞ்சி நல்லாத்தான் வுழுந்துகீது. வூட்ல மாட்டிக்கறேன்."

சுண்ணாம்பு தின்ற அவன் விரல்கள் படத்தின் ஓரத்தைப் பக்குவமாகப் பிடித்திருந்தன. அதே மாதிரி விரல்களை ராஜகோபால் சின்ன வயசில் அப்பாவின் சோற்றுத் தட்டில் பார்த்திருக்கிறான்.

சரி என்று தலையாட்டினான். வானம் வெளுத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.