அண்ணன் ஊரில் இல்லை

"சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிற சித்தூர்க்காரன் செல்லத்துரை, இப்படிக் கத்திக்கொண்டே சைக்கிளோடு தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தான். தப்பு என்னவோ அவனுடையதுதான். பிரேக் கட்டை தேய்ந்துபோய், ஏலப்பாறை இறக்கத்தில் செருப்பைத் தரையில் உரசி உரசி வந்துகொண்டிருந்தான். ஆனாலும் கொட்டுகிற மழையில், நடுரோட்டில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு பெண் நின்றால்...?

சண்டை போடத்தான் எழுந்தான். அவள் கண்களைப் பார்த்தான்.

எவ்வளவு பெரிய கண்கள்... அழுது அழுது சிவந்து, இமை மயிரெல்லாம் ஒட்டிப்போய்... அதில் மழை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை.

"எங்க அம்மா செத்துப்போச்சுங்க" என்றாள் அவள்.

செல்லத்துரைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அது எழுபத்து நான்காம் வருஷத்து ஆடி மாதம். பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தவன், சைக்கிளிலேயே கன்னியாகுமரி போகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிவிட்டுக் கிளம்பியிருந்தான். கோபாலபுரம் தாண்டியதுமே பஞ்சர். மூணாறு ஏற்றத்தில் செயின் அறுந்தது. அதற்குப் பிறகு அட்டைக்கடி, காய்ச்சல், இந்த ஓயாத மழை. ஐந்தாம் நாளான இன்று இது.

அவள் பெயர் அழகுத்தாய். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அண்ணன் சோலை, கத்தரீனாள் என்ற வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பீர்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டான். அப்பா பெரியமுத்துவுக்கு அன்றோடு மகன் இல்லை. இன்று அம்மா போன பிறகும், அவனுக்கு யாரும் சொல்லக்கூடாது என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

"அண்ணன் வந்து அம்மா மொகத்தப் பாக்கணுங்க. சொல்லிருவீங்களா?"

நல்லவேளை, தன்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. சே, துக்கத்தில் நிற்கிறவளிடம் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அவளோ அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓரமாக ஒடிந்து கிடந்த ஒரு பெரிய கொம்பை இழுத்து வந்து, தழையோடு, சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினாள். விறகுக்காரர்கள் இறக்கத்தில் இப்படித்தான் போவார்களாம். பிரேக் இல்லாத வண்டியைக் கொம்பு இழுத்துப் பிடிக்கும். அவள் முடிச்சுப் போடுவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கன்னியாகுமரி மறந்தே போனது.

பன்னிரண்டு மணிக்குச் சோலையின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். விஷயத்தைச் சொல்லி, சைக்கிள் கேரியரைத் துடைத்து, ஏறுங்க என்றுகூடச் சொல்லிவிட்டான். சோலை ஏறவில்லை. சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போன தீவாளிக்குப் பிள்ளையத் தூக்கிட்டு மழையில நின்னேன். அப்பா கதவச் சாத்துனாரு. அம்மாவும் உள்ளதான் இருந்துச்சு. தெறக்கலையே. இப்ப நான் யாரப் பாக்க வரணும்?"

கத்தரீனாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். செல்லத்துரை ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றான். சோலை வரவில்லை.

திரும்பி வந்த ஏற்றம் முழுக்க, அழகுத்தாயிடம் இதை எப்படிச் சொல்வது என்ற ஒரே யோசனை. மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் முனையிலேயே அவள் நின்றாள். அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அந்தக் கண்கள்...

"அண்ணன் ஊர்ல இல்லீங்க. குடும்பத்தோட வேளாங்கண்ணி போயிருக்காங்களாம்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! அவளுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. ஊரில் இருந்திருந்தால் அண்ணன் வந்திருக்கும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். தன் பேச்சை மீறி ஆள் அனுப்பினாளா என்று கோபமாக எழுந்த பெரியமுத்து, அதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வந்திருப்பானாத்தா... நெசமாவா?"

பிறகு அந்த முரட்டு மனுஷன் வாய்விட்டு அழுதார். காரியம் கழியட்டும், நானே போய் அவனைக் கூட்டி வருகிறேன் என்றார். முதல் பிடி மண்ணைப் போடும்போதும் செத்தவளிடம் அதையேதான் சொன்னார்.

அவர் போனால் பொய் வெளியாகிவிடுமே! செல்லத்துரை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு மைல் போயிருப்பான். கால் மிதிக்க மறுத்தது. திருப்பினான்.

குழாயடியில் துக்கத்துணிகளை அலசிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்தில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தீபாவளி, சாத்திய கதவு, சோலை சொன்ன வார்த்தை... ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"அப்பாட்ட இதச் சொல்லிராதீங்க. அவரு போகட்டும். அண்ணன் கதவத் தெறந்தா நல்லது. தெறக்காட்டி, அண்ணன் நின்ன மாதிரி அவரும் ஒருக்க வெளிய நின்னு பாக்கட்டும்."

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அவள் நிமிர்ந்தாள்.

"எங்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"உங்க கண்ணுல இன்னொருக்கா தண்ணியப் பாக்க முடியலீங்க. உங்களப் புடிச்சுப்போச்சுங்க. எழவூட்ல வெச்சு இதச் சொல்றது தப்புத்தானுங்க. ஆனா இது பொய்யில்லீங்க..."

அவள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பாமலே பேசினாள்.

"பதினாறு கழிஞ்சு வந்து அப்பாட்ட கேளுங்க. ஒங்கள நம்பித்தான அனுப்புனேன்... எங்கிட்டயே பொய் சொல்லிட்டீங்களேன்னு ஆத்தாமையா இருக்கு."

வாளியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா சொல்லாமப் போயிட்டீங்கன்னு நெனைச்சப்போ... அதவிட ஆத்தாமையா இருந்துச்சுங்க."