கட்டற்ற நினைவி

திலீபன் வீட்டில் லினக்ஸ் போடாத சாமான் மிக்ஸியும் மனைவியின் மடிப்பலகையும்தான் என்று ஈரோட்டுக் கட்டற்ற மென்பொருள் வட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். கதவுப் பூட்டு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் என்று எல்லாவற்றிலிருந்தும் நிறுவனத்து இயங்குதளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸைக் குடிவைத்த மனிதர். மடிப்பலகையில் மட்டும் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை.

விரித்தால் மடிக்கணினி, கழற்றினால் கைப்பலகை. மறதி நோய் புகுந்த வீடுகளில் எல்லாம் இப்போது அது ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் நினைவி என்ற மென்பொருள், நோயாளியின் காதில் மாட்டிய மொட்டுக்குள் மெல்லப் பேசும். எந்த மாத்திரை, எதிரே வருவது யார், அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். அதன் தயவில் திலீபனின் மனைவி பிரவீணா தனியாகக் கடைக்குப் போனாள், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லி விசாரித்தாள். அவள் வாய்க்குள் முணுமுணுத்துக் கேட்பதும் நினைவி சொல்லும் பதிலும் மட்டும் வெளியே கேட்காது.

அவர்களின் ஒரே மகள் ஆதிரை, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். அன்றைக்குப் பிரவீணா அழுத அழுகையைத் தெருவே இன்னும் மறக்கவில்லை. நோய் முற்றிய பிறகு அவள் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்ட நோய் அந்தத் துக்கத்தையும் வாரிக்கொண்டது, அந்த மட்டுக்கும் நல்லது என்று திலீபன் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

பழைய மடிப்பலகைகளுக்கு இனிச் சேவை கிடையாது என்று நிறுவனம் கையை விரித்தபோது அவருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். மனைவி பேசுவதெல்லாம் எவனோ ஒருவனின் கிடங்குக்குப் போவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பிரவீணா மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் பென் டிரைவைச் செருகினார். சின்னக் கருவிகளில் லினக்ஸ் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. திரை பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தால், இடதுபுறம் தொட்டதற்குச் சுட்டி மேலே ஓடியது. வைஃபை எழவே இல்லை. கைப்பேசியைக் கேபிளில் கோத்து இணையம் கொடுத்தார். வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று கேட்டபோது, வெற்றிபெற்றவர் மாதிரி ஆம் என்பதை அழுத்தினார்.

பிறகு கட்டற்ற நினைவியை நிறுவினார். அதன் பெருமையே ஒளிவுமறைவு இல்லாததுதான். குடும்ப விவரங்களைப் பிறப்பு இறப்பு உட்பட உள்ளது உள்ளபடி நிரப்பினார். காதுமொட்டை மட்டும் லினக்ஸ் அடையாளம் காணவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் பேச விட்டார்.

எழுந்து வந்த பிரவீணா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். தலை நிமிராமலே, தினமும் கேட்கிற பழக்கத்தில் முணுமுணுவென்று கேட்டாள்.

“பாப்பா எங்க இருக்குது?”

“உங்கள் மகள் ஆதிரை இறந்துவிட்டார்” என்றது நினைவி.

கத்தி அவள் கையிலிருந்து விழுந்தது. தெரு மறக்காத அந்த அழுகையைத் திலீபன் மறுபடி கேட்டார். தேற்றித் தேற்றி அவள் அடங்கினாள், மறந்தாள், பொழுது சாயும்போது மறுபடி கேட்டாள், மறுபடி அழுதாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது முதல் செய்தி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் கேட்காமல் இருந்ததே இல்லை. பழைய நினைவி அவள் காதுக்குள் ஏதோ பொய்யைச் சொல்லிச் சொல்லி அவளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை அவரே அழித்துவிட்டார். கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டிச் சொல்லத் தெரியாது.

தெரியவைக்கலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதானே அவர் இத்தனை காலம் மேடை போட்டுப் பேசியது. நிரலைத் திறந்து, ஆதிரை கோவையில் விடுதியில் இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டாள் என்று எழுதினார். சேமிக்கும் முன் அது திருத்தியவர் பெயரையும் காரணத்தையும் கேட்டது. தன் பெயரைப் போட்டார். காரணம் என்ற இடத்தில், அவள் தூங்க வேண்டும் என்று எழுதினார்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. என்ன சாப்பிட்டது, பரீட்சை எப்படி எழுதியது என்று பிரவீணா அடுத்தடுத்துக் கேட்க, நினைவி பதில் தெரியாமல் விழித்தது. அதனால் தினமும் காலையில் திலீபன் மகளுக்கு ஒரு நாளை எழுதி வைத்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் அவளைப் பற்றித் தனக்கு எவ்வளவு கொஞ்சம் தெரியும் என்பது தெரிந்து வெட்கப்பட்டார். அவளுக்கு ஒரு தோழியைக் கொடுத்தார். நீலச் சுடிதார் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் மழையில் நனையவிட்டு, இருமல் வரவழைத்துவிட்டு, அன்று முழுக்க அவரே தவித்தார்.

மறுநாள் சாயங்காலம் பிரவீணா கேட்க, நினைவி பதில் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலீபனுக்குத் துக்கம் பொங்கிவிட்டது. மகள் போன அன்றுகூட மனைவியைத் தாங்கிப் பிடிக்கும் வேலையில் அழாதவர், இப்போது தோள் குலுங்க அழுதார்.

“ஏனுங்க, என்னாச்சு?”

“பாப்பா ஞாபகம் வந்திருச்சு.”

பிரவீணா சிரித்துக்கொண்டே முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். “இந்தா இருக்கற கோயமுத்தூர்ல தானுங்க இருக்குது. இதுக்குப் போயி அழுவாங்களா? நம்பிக்கை இல்லீன்னா நீங்களே கேளுங்க” என்று மடிப்பலகையை அவர் மடியில் வைத்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் கேட்டார்.

“ஆதிரை விடுதியில் இருக்கிறாள். இருமல் குறைந்துவிட்டது. நேற்றிரவு கஞ்சி குடித்தாள்.”

காலையில் அவரே தட்டிய வரிகள். ஆனாலும் அந்தக் குரலில் கேட்டதும் நெஞ்சுக்குள் இறுகியிருந்தது தளர்ந்தது. இருமல் குறைந்துவிட்டதாம். திலீபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையின் பக்கம் குனிந்து ஆவலோடு கேட்டார்.

“அப்புறம் நல்லாத் தூங்குச்சா?”

“அதை நீங்கள் இன்னும் எழுதவில்லை” என்றது நினைவி.