எண்பத்து மூன்று இரவுகள்

காலை ஆறரைக்கெல்லாம் நவமணி கல்மேட்டுக் குடியிருப்பின் முதல் வரிசைக்குள் நுழைந்துவிடுவாள். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு மேலும் பொட்டளவில் ஒரு விளக்கு இருக்கும். அதற்கு வாசற்கண் என்று பெயர். பச்சையாக எரிந்தால், அந்த வீட்டுப் பிள்ளை நேற்றும் அங்கேயே தூங்கியிருக்கிறது. சிவப்பென்றால் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்து டேப்லெட்டில் குறித்துக்கொள்வாள். கருவியே மேலிடத்துக்குச் சொல்லிவிடுகிற செய்திதான். ஆனாலும் குடும்பத் துணையாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் விதி எழுதி வைத்திருந்ததால் அவள் பிழைப்பு ஓடியது.

கடல் உள்ளே ஏறிய பிறகு, கரையோரத்தை விட்டு மேட்டு மாவட்டத்துக்குக் குடிவந்தவர்களின் குடியிருப்பு அது. அவர்கள் பிள்ளைகளுக்கு மழலைக்கூடத்தில் இடம் உண்டு. பால், மருத்துவர், பாட்டு, படம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளை தொடர்ந்து தொண்ணூறு இரவுகள் ஒரே வீட்டில் தூங்கியிருக்க வேண்டும். தூங்கினால் அது 'வீட்டுப்பிள்ளை'. இல்லாவிட்டால் 'இடமிலி'. ஐந்து வயது நிறைவதற்குள் வீட்டுப்பிள்ளை ஆகாதவர்களுக்குப் பிறகு எந்தப் பள்ளியும் கிடையாது. வளர்ந்ததும், மாடி மாடியாகப் பயிர் வளர்க்கும் அடுக்குப் பண்ணையின் வேலைப் பட்டியலில் பெயர் ஏறும், அவ்வளவுதான்.

இந்த ஜனங்களுக்கோ பிள்ளையை ஒரே வீட்டில் தூங்கவைத்துப் பழக்கமே இல்லை. கோடியக்கரைப் பக்கத்தில் ஆண்கள் கடலுக்கும் பெண்கள் விடியுமுன் உப்பளத்துக்கும் போய்விடுவார்கள். எந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாளோ, அங்கே தெருப்பிள்ளைகள் எல்லோரும் பாயை விரித்துவிடுவார்கள். பண்ணையில் இவர்களுக்கு இரவுப் பணி வந்த பிறகு இங்கேயும் அப்படித்தான் நடந்தது. கருவி அதைப் பார்த்துவிட்டுக் கவனிப்பாரற்ற பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டது. தொண்டை வறண்டுபோகும் அளவுக்கு நவமணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். தலையாட்டினார்கள், மறுநாள் காலை பாதி வரிசை சிவப்பாக இருக்கும்.

சொன்னதைக் கேட்டவள் ஏழாம் எண் வேம்பரசி ஒருத்திதான். மகள் குயிலிக்கு நாலரை வயது தாண்டியிருந்தது. வேம்பரசி கெஞ்சிக் கூத்தாடி இரவுப் பணியிலிருந்து விலகி, மகளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்தாள். எண்பத்து மூன்று நாள் பச்சை. குயிலிக்கு எந்த வகுப்பு என்பதுகூட முடிவாகியிருந்தது. நவமணி தன் சொந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததுபோல் உள்ளுக்குள் பூரித்துக்கிடந்தாள்.

எண்பத்து நாலாம் நாள் காலையில் ஏழாம் எண் சிவப்பாக எரிந்தது.

வேம்பரசி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எதுத்த வீட்டு மேரிக்குப் புள்ள பொறந்து நேத்துதான் வீட்டுக்கு வந்தாக்கா. பச்சப்புள்ள வந்த மொத ராத்திரி, இன்னொரு புள்ள தொணைக்குப் படுக்கணும். குயிலி பொறந்தப்ப மேரியோட பெரியவதான் எங்க வீட்டுல வந்து படுத்தா. அந்தப் புள்ளையத்தான் கடல் கொண்டுபோயிருச்சே. நான் எப்படி அனுப்பாம இருக்கிறது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே வேம்பு."

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீங்க. ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சிட்டேன்."

கேட்டிருந்தால் நவமணி வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

குயிலிக்கு ஐந்து வயது நிறைய இன்னும் அறுபத்திரண்டு நாள்தான் இருந்தது. புதிதாகத் தொண்ணூறு எண்ண வழியில்லை. நவமணி வேலை போனாலும் போகட்டும் என்று 'கருவிப் பிழை' என்று பொய்யாக எழுதி அனுப்பினாள். அரை நிமிடத்தில் பதில் வந்தது, கூடவே வாசற்கண் எடுத்த ஒரு படம். சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேரி வீட்டு வாசலில் சிரித்தபடி நிற்கிறாள் குயிலி. அதன் கீழே 'கோரிக்கை முடிக்கப்பட்டது' என்று ஒரே வரி. மேலதிகாரியிடம் நேரில் போய் அழுதாள். அவர் நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். தொண்ணூறை எண்பத்து மூன்றாக்கும் அதிகாரம் மனிதர்கள் யாருக்கும் இல்லை என்றார்.

அவள் ஒரு வருடம் கத்தியும் நடக்காதது அந்த ஒரு சிவப்பு விளக்கால் நடந்தது. குடியிருப்பே நடுங்கிப்போயிற்று. சாயங்காலமானால் கதவுகள் பட்பட்டென்று சாத்தப்பட்டன. இரவுப் பணிக்குப் போகிறவர்கள் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளை தனியாக இருந்தாலும் வாசற்கண்ணுக்கு அது பச்சைதான். மூன்றாம் எண்ணில் அடுத்த குழந்தை வந்தபோது துணைக்குப் படுக்க ஒரு வீடும் பிள்ளையை அனுப்பவில்லை. மேரிகூட, தன் குழந்தைக்குக் கணக்கு வீட்டுக்கு வந்த அன்றிலிருந்தே தொடங்கிவிட்டதா என்று நவமணியிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

அந்தச் சிவப்பு எரிந்த அறுபத்து மூன்றாம் நாள் காலையில் நவமணி வந்தபோது வரிசை முழுக்கப் பச்சையாக இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு காலை வந்ததில்லை. பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது. ஏழாம் எண் விளக்கு மட்டும் அணைந்து கிடந்தது. ஐந்து வயது நிறைந்த பிள்ளையைக் கருவி எண்ணுவதில்லை. வேம்பரசி மறுபடியும் இரவுப் பணிக்குப் போய்விட்டாள். குயிலி படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் சுருட்டிய பாய்.

"அத்தை, நான் இனிமே எங்க வேணும்னாலும் படுக்கலாம்னு அம்மா சொன்னிச்சு," என்றாள். "ராத்திரி எல்லா வீட்டுலயும் தட்டிப் பாத்துட்டேன். யாரும் தொறக்கல."

நவமணி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குயிலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த ஜனங்களுக்குக் கதவைச் சாத்தக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.